ஐம்பத்தேழாயிரம் பேருக்கு ஒரு எம்.பி.

தொகுதி மறுவரையறைப் பேச்சு தமிழ்நாட்டில் சூடாக ஓடிக்கொண்டிருந்த 2025 மார்ச்சில், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நண்பர் ஒருவர் ஒரு கணக்குப் போட்டார். ஸ்ரீபெரும்புதூரில் 23 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள், அவர்களுக்கு ஒரு எம்.பி. லட்சத்தீவில் 57,784 வாக்காளர்கள், அவர்களுக்கும் ஒரு எம்.பி. "இதுக்குப் பேர்தான் ஜனநாயகமாய்யா?" என்று முடித்திருந்தார். நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதே நண்பர், அதே வாரத்தில், அதே குழுவில், தலைகளை மட்டும் எண்ணித் தொகுதிகளைப் பிரித்தால் குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த நாம்தான் ஏமாளிகள் என்று பொங்கியிருந்தார். தமிழ்நாட்டைப் பற்றிப் பேசும்போது தலைக்கணக்கு அநியாயம். லட்சத்தீவைப் பற்றிப் பேசும்போது அதே தலைக்கணக்கு நியாயம். இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் சமாதானமாகக் குடியிருக்கின்றன என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் "சரி, நீ என்ன சொல்றே?" என்று திருப்பியிருப்பார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்கப்புறம் லட்சத்தீவுத் தொகுதியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். மக்களவைத் தேர்தல் முடிவுகள் வரும் நாட்களில் டிவியின் கீழே ஓடும் வரியில் ஒரு கணம் வந்துபோகும் பெயர் அது. 'முன்னிலை 300 வாக்குகள்' என்று போடுவார்கள். நாம் ஏதோ முதல் சுற்று என்று நினைப்போம். அங்கே அதுவே கடைசிச் சுற்றாகவும் இருக்கலாம்.

மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வசிக்கும் தீவுகள் பத்து. 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர். சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் சராசரியாக ஒவ்வொன்றிலும் முப்பதாயிரம் வாக்காளர்கள் இருப்பார்கள். அதாவது நம்மூர்க் கணக்கில் லட்சத்தீவு என்பது இரண்டு வார்டு. இரண்டு கவுன்சிலர்கள் சேர்ந்தால் ஒரு எம்.பி. என்று கிண்டலடிக்க இதைவிட வசதியான புள்ளிவிவரம் கிடைக்காது. ஆனால் அந்த இரண்டு வார்டும் அரபிக் கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சிதறிக் கிடக்கின்றன. தெற்கே ஒதுங்கியிருக்கும் மினிக்காயில் பேசுவது மலையாளம்கூட இல்லை, மாலத்தீவு மொழியின் ஒரு வடிவமான மஹல். வடக்கே பித்ராவில் 2011-இல் இருந்தவர்கள் 271 பேர். ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று பந்தியில் அடங்கிவிடுவார்கள். அந்த 271 பேரில் ஓட்டுரிமை உள்ளவர்களுக்காக அதிகாரிகளும் இயந்திரங்களும் கடல் தாண்டிப் போகவேண்டும்.

இன்னொரு விஷயம். இந்தத் தீவுகள் நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. 1956 நவம்பர் 1 வரை இவை சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவை. லக்கதீவும் மினிக்காயும் மலபார் மாவட்டத்தில், அமினிதீவுகள் தென் கன்னட மாவட்டத்தில். மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது கேரளத்துக்கும் கொடுக்காமல் மைசூருக்கும் கொடுக்காமல் தனி யூனியன் பிரதேசமாக்கினார்கள். திருத்தணிக்கும் தேவிகுளம் பீர்மேட்டுக்கும் நடந்த போராட்டங்களை நாம் இன்றும் பேசுகிறோம். அதே காலத்தில் மேற்குக் கடலில் ஒரு தீவுக்கூட்டமே சென்னையை விட்டுப் போனதைப் பற்றி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. பிரதேசமாக்கிய பிறகும் நிர்வாகத் தலைமையகம் கோழிக்கோட்டில்தான் இருந்தது. 1964-இல்தான் அது தீவுகளில் ஒன்றான கவரத்திக்குப் போனது. 'லட்சத்தீவு' என்ற பெயரே 1973-இல் வைத்தது.

நியமன எம்.பி. காலம்

முதல் பத்தாண்டு இந்தத் தீவுக்காரர்கள் மக்களவைக்கு ஓட்டே போடவில்லை. நாடு முழுக்க 1957-இலும் 1962-இலும் தேர்தல் திருவிழா நடக்க, இவர்களுக்கான உறுப்பினரைக் குடியரசுத் தலைவர் நியமித்தார். கே. நல்லகோயா தங்கள் என்பவர் அப்படி உறுப்பினராக இருந்தார். அந்தமானுக்கும் அதே கதைதான். பிறகு 1965-இல் யூனியன் பிரதேசங்களுக்கு நேரடித் தேர்தல் என்று சட்டம் வந்து, 1967-இல் முதல்முறையாக லட்சத்தீவில் வாக்குப்பெட்டி வைத்தார்கள்.

இதைப் படித்தபோதுதான் நண்பரின் கணக்கில் எங்கே இடிக்கிறது என்று ஓரளவு பிடிபட்டது. அரசியலமைப்பின் 81-ஆவது பிரிவு மக்கள்தொகை விகிதம் பற்றிப் பேசுவது மாநிலங்களுக்கு மட்டும். யூனியன் பிரதேசங்களுக்கு அது தனிக்கதவு வைத்திருக்கிறது: இருபது பேருக்கு மிகாமல், நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தீர்மானிக்கும் வகையில். மாநிலங்களிலும்கூட அறுபது லட்சத்துக்கு மிகாத சின்ன மாநிலங்களுக்கு விகிதக் கணக்கிலிருந்து விலக்கு உண்டு. ஆக லட்சத்தீவின் ஒரு இடமும் ஸ்ரீபெரும்புதூரின் ஒரு இடமும் ஒரே பானையிலிருந்து அள்ளியவை அல்ல. தமிழ்நாட்டின் 39-ஐக் குறைத்து யாரும் கவரத்திக்குக் கொடுக்கவில்லை. நமக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் இடையிலான வழக்கில் லட்சத்தீவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது வீண்.

சரி, சட்டப்படி பதில் கிடைத்தாயிற்று. ஆனால் சட்டத்தில் இருக்கிறது என்பது நியாயம் என்பதற்கான பதில் இல்லையே. அதனால் தேர்தல் கதைக்குள் போனேன். போனவன் அங்கேயே கொஞ்சம் தங்கிவிட்டேன்.

சயீத்

1967-இல் அந்த முதல் தேர்தலில் ஜெயித்தவர் ஆந்த்ரோத் தீவைச் சேர்ந்த பி.எம். சயீத், சுயேச்சையாக. 1941-இல் பிறந்தவர், போட்டியிடக் குறைந்தபட்ச வயதான இருபத்தைந்தைத் தாண்டிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அடுத்த 1971 தேர்தலில், இந்திரா அலை நாட்டைப் புரட்டிப்போட்ட அந்தத் தேர்தலில், அவரை எதிர்த்து யாரும் நிற்கவே இல்லை. போட்டியின்றி வந்தார். 1977-இல் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டபோதும் ஜெயித்தார். 1980-இல் காங்கிரஸ் உடைந்து, அவர் இந்திராவுக்கு எதிரணியான காங்கிரஸ் (யு) பக்கம் நின்றார், அப்போதும் ஜெயித்தார். பிறகு காங்கிரஸுக்கே திரும்பி 1984, 1989, 1991, 1996, 1998, 1999 என்று வரிசையாக. மொத்தம் பத்து முறை, தொடர்ச்சியாக. நரசிம்ம ராவ் அரசில் உள்துறை இணையமைச்சர், பிறகு தகவல் ஒலிபரப்பு. வாஜ்பாய் ஆட்சியில் எதிர்க்கட்சிக்காரராக இருந்துகொண்டே மக்களவைத் துணை சபாநாயகர்.

முப்பத்தேழு வருடம் ஒரே ஆள் என்றால் நமக்குச் சந்தேகம் வரும். வரவும் வேண்டும். ஆனால் கவனித்துப் பாருங்கள், கட்சிச் சின்னம் மாறியிருக்கிறது, டெல்லியில் ஆட்சி மாறியிருக்கிறது, ஆள் மட்டும் மாறவில்லை. அங்கே கட்சி என்பது சட்டை மாதிரி, உள்ளே இருக்கும் ஆளைத்தான் மக்கள் பார்த்திருக்கிறார்கள். இதில் நல்லது கெட்டது இரண்டும் உண்டு. வேட்பாளரை வாக்காளருக்கு முகம் தெரியும். வாக்காளரையும் வேட்பாளருக்கு முகம் தெரியும். இரண்டாவதில்தான் எனக்குக் கொஞ்சம் நெருடல். ஸ்ரீபெரும்புதூரில் நான் யாருக்குப் போட்டேன் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் யாருக்கும் கவலை இல்லை. சில நூறு வாக்குகள் மட்டுமே உள்ள தீவில் ஒரு குடும்பம் எந்தப் பக்கம் என்பது ரகசியமாக இருக்க முடியுமா? கூட்டம் நடந்தால் யார் வரவில்லை என்பதுகூடத் தெரிந்துவிடும் இடம் அது.

பிறகு 2004. எனக்கு இந்தத் தொகுதியின் மீது பிடிப்பு வந்ததே இந்த வருடத்தின் முடிவால்தான். சயீத் பதினோராவது முறையாக நிற்கிறார். எதிரே ஐக்கிய ஜனதா தளத்தின் சார்பில் பூக்குஞ்ஞி. இருவரும் ஆளுக்குப் பதினைந்தரை ஆயிரம் வாக்கை ஒட்டி வாங்கினார்கள். வித்தியாசம் 71. சயீத் தோற்றார்.

71 வாக்கு என்றால் அங்கே இரண்டு மூன்று பெரிய குடும்பங்கள். ஒரு கப்பல் நேரத்துக்கு வராமல் போயிருந்தால் முடிவு வேறாகியிருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது. கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் படிக்கவும் வேலைக்கும் போனவர்கள் ஓட்டுப் போட ஊருக்குப் போக வேண்டுமென்றால் கப்பலைத்தான் நம்ப வேண்டும். ஆனால் இதன் வேடிக்கை வித்தியாசத்தில் மட்டும் இல்லை. ஐக்கிய ஜனதா தளம் அப்போது தேசிய ஜனநாயகக் கூட்டணியில். மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் முஸ்லிம்களாக உள்ள தொகுதி, பா.ஜ.க. கூட்டணிக் கட்சிக்காரரை அனுப்பியது, அதுவும் அந்தக் கூட்டணி நாடு முழுக்க மண்ணைக் கவ்விய வருடத்தில். தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து நாற்பதுக்கு நாற்பது என்று எதிர்த்திசையில் போன அதே தேர்தல். தேசிய அலை, மத வாக்கு வங்கி என்று ஸ்டூடியோவில் உட்கார்ந்து பிரித்துப் பேசுகிறவர்கள் இந்த ஒரு தொகுதியை விளக்கிக் காட்டட்டும். அடுத்த வேடிக்கை, ஜெயித்தவர் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார, தோற்ற சயீத் மன்மோகன் சிங் அமைச்சரவையில் மின்துறை அமைச்சரானார். அமைச்சராகத் தொடர ஏதாவது ஒரு அவையில் இடம் வேண்டும். லட்சத்தீவுக்கு மாநிலங்களவையில் இடமே கிடையாது. அதனால் டெல்லியின் உறுப்பினராக மாநிலங்களவைக்குப் போனார். 2005 டிசம்பரில் சியோலில் இருந்தபோது காலமானார்.

2009-இல் அவர் மகன் ஹம்துல்லா சயீத் 2,198 வாக்கில் பூக்குஞ்ஞியைத் தோற்கடித்தார். அந்த மக்களவையின் மிக இளைய உறுப்பினர் அவர். 2014-இல் தேசியவாத காங்கிரஸின் முகமது ஃபைசல் 1,535 வாக்கில் ஹம்துல்லாவைத் தோற்கடித்தார். 2019-இலும் ஃபைசல்தான், வித்தியாசம் 823. அந்தத் தேர்தலில் பா.ஜ.க. வேட்பாளர் வாங்கியது 125 வாக்கு. மகாராஷ்டிரத்தில் தோளில் கைபோட்டு நின்ற காங்கிரஸும் தேசியவாத காங்கிரஸும் இங்கே ஒவ்வொரு முறையும் நேருக்கு நேர். 2024-இல் இரண்டுமே 'இந்தியா' கூட்டணியில் இருந்தன, அப்போதும் அப்படித்தான். வாக்குப்பதிவு 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் நூற்றுக்கு 84-க்குக் கீழே இறங்கவில்லை. சென்னைக்காரர்கள் இந்த எண்ணைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளலாம்.

2023-இல் நடந்தது

இதுவரை வந்தது சுவாரசியமான கதை, அவ்வளவுதான். 'எதற்கு இவர்களுக்கு ஒரு எம்.பி.' என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. என் நிலைப்பாடு ஒரு பக்கம் சாய்ந்தது 2023-இல் நடந்ததைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோது.

2009 தேர்தலை ஒட்டி ஆந்த்ரோத்தில் ஒரு தகராறு. எதிர் முகாமைச் சேர்ந்த ஒருவரைக் கொல்ல முயன்றதாக ஃபைசல் உள்ளிட்டோர் மீது வழக்கு. அது பதின்மூன்று வருடம் நடந்து, 2023 ஜனவரி 11-இல் கவரத்தி அமர்வு நீதிமன்றம் பத்தாண்டு சிறை என்று தீர்ப்பளித்தது. இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை என்றால் பதவி அந்த நாளிலேயே போய்விடும் என்பது தெரிந்த சட்டம்தானே. மக்களவைச் செயலகம் 13-ஆம் தேதி அறிவிக்கை போட்டது. 18-ஆம் தேதி தேர்தல் ஆணையம் பிப்ரவரி 27-இல் இடைத்தேர்தல் என்று அறிவித்தது. அவ்வளவு சுறுசுறுப்பு. 25-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் குற்றத்தீர்ப்பையே நிறுத்திவைத்தது. ஆணையம் இடைத்தேர்தலை நிறுத்திக்கொண்டது. சரி, அப்படியானால் பதவி திரும்ப வேண்டும். ஆனால் நீக்குவதற்கு இரண்டு நாள் எடுத்த செயலகம், திருப்பிக் கொடுக்க மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டது. பட்ஜெட் கூட்டத்தொடர் ஜனவரி 31-இல் தொடங்கிவிட்டது. ஃபைசல் உச்ச நீதிமன்றம் போனார். மார்ச் 29-ஆம் தேதி வழக்கு விசாரணைக்கு வரவிருந்த காலையில் பதவி திரும்பக் கொடுக்கப்பட்டதாக அறிவிக்கை வந்தது.

அதோடு முடிந்ததா? ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் சரியான அளவுகோலை வைத்துப் பார்க்கவில்லை, மறுபடி விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. அக்டோபர் 3-இல் உயர் நீதிமன்றம் இந்த முறை குற்றத்தீர்ப்பை நிறுத்திவைக்க மறுத்தது. மறுநாளே பதவி போயிற்று. 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை கொடுத்தது. நவம்பர் 2-இல் பதவி வந்தது. ஒரே வருடத்தில் ஒரே எம்.பி. இரண்டு முறை போய் இரண்டு முறை வந்தார்.

ஃபைசல் குற்றம் செய்தாரா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை. அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கொலைமுயற்சி வழக்கில் தண்டனை பெற்றவர் சட்டம் இயற்றும் அவையில் உட்காரலாமா என்றால், கூடாது என்றுதான் நானும் சொல்வேன். என்னை நிறுத்தியது வேறு விஷயம். அதே மார்ச்சில் ராகுல் காந்தியின் பதவி போனது நினைவிருக்கும். வயநாட்டுக்கும் அப்போது எம்.பி. இல்லை. ஆனால் வயநாடு மக்களவைத் தொகுதிக்குள் ஏழு எம்.எல்.ஏ.க்கள் இருந்தார்கள், திருவனந்தபுரத்தில் ஒரு முதலமைச்சர் இருந்தார், மாநிலங்களவையில் கேரளத்துக்கு ஒன்பது பேர் இருந்தார்கள். லட்சத்தீவுக்குச் சட்டமன்றம் இல்லை, எம்.எல்.ஏ. இல்லை, முதலமைச்சர் இல்லை, மாநிலங்களவையில் ஆள் இல்லை. அந்த இரண்டரை மாதம், நாடாளுமன்றத்திலோ வேறெந்தச் சட்டமன்றத்திலோ, இந்தத் தீவுக்காரர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் ஒருவர்கூட இல்லை. நாட்டின் பட்ஜெட் அப்படித்தான் விவாதிக்கப்பட்டது.

நண்பரின் ஒப்பீட்டை இங்கே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் வாக்காளர் ஒரு எம்.பி.யை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. எம்.எல்.ஏ.வையும் தேர்ந்தெடுக்கிறார், அவர் வழியாக முதலமைச்சரையும் மாநிலங்களவை உறுப்பினரையும். ரேஷன் அரிசி முதல் பள்ளிக்கூடம் வரை, பஸ் கட்டணம் முதல் நில வழிகாட்டி மதிப்பு வரை அவர் வாழ்க்கையைத் தொடும் பாதிக்கு மேற்பட்டது கோட்டையில் முடிவாகிறது, அந்தக் கோட்டையில் யார் உட்கார வேண்டும் என்பதில் அவருக்கு ஓட்டு உண்டு. கவரத்தியில் அந்த முடிவுகளை எடுப்பவர் டெல்லி அனுப்பும் நிர்வாகி. அவருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை, அவரை ஓட்டுப் போட்டு இறக்கவும் முடியாது.

நிர்வாகியும் எம்.பி.யும்

அந்த நிர்வாகியின் அதிகாரம் எவ்வளவு என்பது 2021-இல் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில், குஜராத்தின் முன்னாள் அமைச்சர் பிரஃபுல் கோடா படேல் பொறுப்பேற்றார். நில மேம்பாட்டுக்கு ஒரு வரைவு, குண்டர் சட்டத்துக்கு ஒரு வரைவு, இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக் கூடாது என்று ஒரு வரைவு. குற்றங்கள் அரிதான இடத்துக்குக் குண்டர் சட்டம் எதற்கு என்று தீவுக்காரர்கள் கேட்டார்கள். மே மாதம், மாவட்டப் பஞ்சாயத்திடம் இருந்த கல்வி, சுகாதாரம், விவசாயம், மீன்வளம், கால்நடை ஆகிய துறைகளையும் நிர்வாகமே எடுத்துக்கொண்டது. எம்.எல்.ஏ. இல்லாத ஊரில் பஞ்சாயத்துதான் மிச்சம், அதிலிருந்தும் பிடுங்கியாயிற்று.

இங்கே 240-ஆவது பிரிவைப் பற்றி ஒரு வரி சொல்லியாக வேண்டும். லட்சத்தீவு போன்ற பிரதேசங்களுக்குக் குடியரசுத் தலைவர், அதாவது மத்திய அரசு, ஒழுங்குமுறை என்ற பெயரில் சட்டமே போடலாம்; அது நாடாளுமன்றச் சட்டத்தைத் திருத்தக்கூடிய வலு உள்ளது. அவையில் விவாதித்து நிறைவேற்ற வேண்டிய கட்டாயம் கிடையாது. அந்த வரைவுகள் அந்த வழியில் வந்தவைதான். இதை எதிர்த்து ஒரு சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2021 மே 31-இல், ஒருமனதாக. எந்தச் சட்டமன்றம்? கேரளச் சட்டமன்றம். தங்களுக்கென்று ஒரு அவை இல்லாததால் பக்கத்து வீட்டுக் கூடத்தில் இவர்கள் பஞ்சாயத்து நடந்தது. அங்கே உட்கார்ந்து கையுயர்த்திய நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரைக்கூட லட்சத்தீவு வாக்காளர் தேர்ந்தெடுக்கவில்லை.

இந்தப் பின்னணியில் அந்த ஒரு எம்.பி.யை வைத்துப் பாருங்கள். அவர் எம்.பி.யாக, எம்.எல்.ஏ.வாக, எதிர்க்கட்சித் தலைவராக எல்லாமுமாக ஒருவர். கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்றாலும் அவரிடம்தான் போவார்கள், ஆபத்தான நோயாளியை ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாலும் அவரைத்தான் பிடிப்பார்கள். அவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி மற்ற எம்.பி.க்களைப் போலவே ஆண்டுக்கு ஐந்து கோடி. தலைக்கு வகுத்தால் இங்கே வாக்காளருக்கு 865 ரூபாய், ஸ்ரீபெரும்புதூரில் 21 ரூபாய். இந்த விஷயத்தில் நண்பருடைய கோபம் செல்லும், நான் மறுக்க மாட்டேன். குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர் ஓட்டின் மதிப்பும் மற்ற எம்.பி.க்களின் ஓட்டைப் போலவே 2022-இல் 700. ஆனால் அங்கேயும் மற்ற ஊர்களுக்கு எம்.எல்.ஏ. ஓட்டுகள் தனியாக உண்டு, இவர்களுக்கு அந்த 700-தான் மொத்தமும்.

ஒரு எம்.பி.யால் என்ன கிழித்துவிட முடியும் என்று கேட்பவர்களிடம் 1999 ஏப்ரல் 17-ஐ நினைவுபடுத்தினால் போதும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வாஜ்பாய் அரசு ஒரு ஓட்டில் விழுந்த கதையில் நம்மூர்ப் பங்கு பெரியது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அப்படிப்பட்ட நாட்கள் அபூர்வம். சாதாரண நாட்களில் லட்சத்தீவின் எம்.பி. கடைசி வரிசையில் இருக்கும் ஒருவர். பெரும்பான்மைக்கு அவர் தேவையில்லை, அவரைச் சமாதானப்படுத்த யாருக்கும் அவசியமும் இல்லை. 2021-இல் ஃபைசல் எதிர்த்தார்தான், நிர்வாகி மாறவில்லை.

மறுவரையறை வந்து மக்களவை எவ்வளவு பெருத்தாலும் லட்சத்தீவுக்கு ஒன்றுதான் இருக்கும். அதைக் குறைக்க முடியாது, கூட்டவும் காரணம் இல்லை. ஆனால் 543-இல் ஒன்று என்பது 750-லோ 800-லோ ஒன்று ஆகும்போது அதன் எடை குறையும். தமிழ்நாட்டுக்கு எண்ணிக்கை குறையாவிட்டாலும் பங்கு குறையும் என்று நாம் பயப்படுகிறோமே, அதே பயம்தான், வேறு அளவில். இப்போது அந்த வாட்ஸ்அப் குழுவில் யாராவது 57,784-ஐ எடுத்துப் போட்டால், எம்.பி.யை எடுக்கச் சொல்லாதே, பக்கத்தில் ஒரு சின்னச் சட்டமன்றம் வைக்கச் சொல் என்பேன். புதுச்சேரிக்கு மக்கள் முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் சட்டமன்றம் இருக்கிறது. அறுபதாயிரம் பேருக்குச் சட்டமன்றம் அதிகப்படி என்றால், மாவட்டப் பஞ்சாயத்துக்காவது பறித்த துறைகளைத் திருப்பிக் கொடுக்கலாம்.

2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய்க் கடலில் மூழ்கிப் படம் எடுத்துக்கொண்டார். நாடே லட்சத்தீவைத் தேட ஆரம்பித்தது, மாலத்தீவுக்காரர்களோடு ஒரு சண்டையும் நடந்தது. ஏப்ரல் 19-இல், தமிழ்நாடு ஓட்டுப் போட்ட அதே நாளில், தீவுகளும் ஓட்டுப் போட்டன. பா.ஜ.க. ஆதரித்த, அஜித் பவார் பக்கத் தேசியவாத காங்கிரஸ் வேட்பாளருக்கு விழுந்தது 201. ஃபைசலுக்கு 23,079. ஹம்துல்லா சயீதுக்கு 25,726, வித்தியாசம் 2,647. லட்சத்தீவு அளவுகோலில் இதை அமோக வெற்றி என்றே சொல்ல வேண்டும்.